பனிச்சறுக்குக் கையுறை: நெல்லையில் வாங்கி, பனியில் போட்டு, வீட்டில் காப்பது

இமயமலையில் இருக்கும் குல்மார்க்குக்கோ சோலாங்குக்கோ அவுலிக்கோ போய்ப் பனிச்சறுக்கு பழகும் நம் ஊர்க்காரர்களின் கையுறை ஆண்டில் 5 நாள் பனியில் இருக்கும். மீதி 360 நாளும் பாளையங்கோட்டையிலோ தென்காசியிலோ ஒரு பீரோவுக்குள் கிடக்கும். அதைக் கெடுப்பது பெரும்பாலும் அந்த 360 நாள்தான். குளிர்நாட்டுக்காரர்கள் எழுதும் குறிப்புகளில் இது இருக்காது, அவர்களுக்கு அந்தச் சிக்கலே இல்லை. நாம் வாங்கும்போதே பனியோடு சேர்த்து நம் வெக்கையையும் ஐப்பசி ஓதத்தையும் கணக்கில் எடுத்தாக வேண்டும்.

முதலில் உள்ளங்கைப் பகுதியைப் பாருங்கள். விலை மலிவான கையுறைகளில் அந்த இடத்தில் செயற்கைத் தோல் இருக்கும். துணியின் மேல் பாலியூரித்தேன் பூசியதுதான் அது. வெக்கையும் ஈரமும் சேர்ந்தால் பாலியூரித்தேன் நீரோடு வினைபுரிந்து சிதையும். நாலைந்து வருஷம் பெட்டியிலேயே கிடந்த ஷூவை எடுத்துப் போட்டதும் அடிப்பாகம் உதிர்வதும், ஹேண்ட்பேக்கின் மேல்தோல் செதில் செதிலாக உரிவதும் இதனால்தான். உரிந்துவிட்டால் ஒட்டவும் முடியாது, தைக்கவும் முடியாது. ஆட்டுத்தோல், மாட்டுத்தோல் பூஞ்சை பிடிக்கும் என்றாலும் பூஞ்சையைத் துடைத்துவிடலாம். எனவே வருஷா வருஷம் போகிறவர்கள் நிஜத் தோல் உள்ளங்கை உள்ளதை வாங்குவதே சரி. அதிலும் ஆட்டுத்தோல் மெல்லியதாகவும் உறுதியாகவும் இருக்கும், விரலும் நன்றாக மடங்கும். ஒரே ஒரு தடவை போய்வருகிறவர்களுக்குச் செயற்கைத் தோல் போதும்.

உள்ளே நீர் புகாமல் தடுக்கும் படலத்துக்கும் இதே கணக்குத்தான். பாலியூரித்தேன் படலம் நம் ஊரில் சில வருஷங்களில் தளர்ந்துவிடலாம். கோர்-டெக்ஸ் பிராண்ட் நெடுங்காலம் பயன்படுத்திவந்த பி.டி.எஃப்.இ. (டெஃப்லான் வகை) படலம் இப்படி நீரால் சிதையாது. விலைச்சீட்டில் ‘வாட்டர் ரெசிஸ்டன்ட்’ என்று மட்டும் போட்டிருந்தால் உள்ளே படலமே இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். ‘வாட்டர்புரூஃப்’ என்று இருக்க வேண்டும். புதிதாகப் பழகுகிறவர் முதல் நாள் எத்தனை தடவை விழுவார் என்பதற்குக் கணக்கே கிடையாது. ஒவ்வொரு தடவையும் கையைப் பனியில் ஊன்றித்தான் எழுவார். ஆகவே கனமான பஞ்சைவிட நீர் புகாமைதான் அவருக்கு முக்கியம். கம்பளி நூலில் பின்னிய கையுறையில் பனி ஒட்டி, கைச்சூட்டில் உருகி, அரைமணி நேரத்தில் ஊறிவிடும். வண்ணார்பேட்டையில் வாங்கிய பைக் கையுறைக்கும் அதே கதிதான். அதில் காற்று நுழைய ஓட்டைகளே இருக்கும்.

சூட்டுக்காக உள்ளே வைக்கும் பஞ்சில் செயற்கை இழை ஈரமானாலும் ஓரளவு சூடு காக்கும். வாத்திறகு வறண்டிருக்கும்வரைதான் நல்ல சூடு தரும். நனைந்தால் கட்டி கட்டியாகிவிடும், காய வைப்பதும் பெரும்பாடு. முதல் கையுறைக்கு இறகு வேண்டாம்.

விரல் பிரிந்ததா, மிட்டனா? மிட்டனில் நான்கு விரலும் ஒரே பையில் கிடப்பதால் ஒன்றின் சூடு மற்றதற்குக் கிடைக்கும், குளிர் படும் பரப்பும் குறையும். அதே பஞ்சு அளவில் மிட்டன்தான் கூடுதல் சூடு. ஆனால் கொக்கி மாட்டவும் ஜிப் இழுக்கவும் சிரமம். குல்மார்க் ஊர் ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரம். கேபிள் காரின் இரண்டாம் கட்டம் முடியும் இடம் 3,900 மீட்டருக்கும் மேல். 1,000 மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி குறையும் என்பதால், மேலே போனதும் கீழே இருந்ததைவிட 8 டிகிரி அதிகக் குளிர், அதற்கு மேல் காற்று வேறு. பொதிகை உச்சியே 1,868 மீட்டர்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த வித்தியாசம் புரியும். அடிவாரச் சரிவிலேயே பழகுகிறவருக்கு விரல் கையுறை போதும். மேலே போகிறவர், சீக்கிரம் கை சில்லிட்டுப் போகிறவர், சிறு பிள்ளைகள் மூவருக்கும் மிட்டன். பிள்ளைகள் விஷயத்தில் இதில் யோசிக்கவே வேண்டாம். ஐந்து விரலையும் சரியான குழாயில் நுழைப்பதற்குள் அழுகை வந்துவிடும்.

அளவு எடுக்கத் தையல் டேப் போதும். எழுதும் கையை நீட்டி, கட்டைவிரலை விட்டுவிட்டு, விரல் முட்டிகளைச் சுற்றி அளந்துகொள்ளுங்கள். அந்தச் சுற்றளவு எத்தனை இஞ்சோ அதுதான் பொதுவாகக் கையுறை எண். 8 இஞ்சு, அதாவது ஏறக்குறைய 20 செ.மீ. என்றால் 8. 9 இஞ்சு, 23 செ.மீ. என்றால் 9. பிறகு நடுவிரல் நுனியிலிருந்து மணிக்கட்டின் முதல் ரேகை வரை நீளம். S, M, L என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இரண்டு அளவையும் அந்தந்தக் கம்பெனியின் அட்டவணையில் வைத்துப் பார்க்காமல் ஆர்டர் போடக் கூடாது. சித்திரை மத்தியானத்தில் கை உப்பி வேர்த்திருக்கும், அப்போது அளந்தால் அளவு கூடிவிடும். காலையில் எழுந்ததும் அளப்பது நல்லது.

போட்டுப் பார்க்கும்போது விரல் நுனிக்கு மேல் அரை செ.மீ. இடம் இருக்க வேண்டும். மிட்டனில் கொஞ்சம் கூட இருக்கலாம். முஷ்டியை இறுக்குங்கள். விரல் நுனி முட்டினாலோ, புறங்கையில் துணி விறைத்து இழுத்தாலோ அது சிறிது. இறுக்கமாக இருந்தால் சூடாக இருக்கும் என்று பலர் நினைப்பது தவறு. சூட்டைக் காப்பது பஞ்சுக்குள் அசையாமல் நிற்கும் காற்று. அழுத்தினால் அந்தக் காற்று போய்விடும், ரத்த ஓட்டமும் குறையும். தொளதொளவென்று இருந்தாலும் ஆகாது, காலியான இடத்தையெல்லாம் கைதான் சூடாக்க வேண்டியிருக்கும். உள்ளே லைனர், அதாவது மெல்லிய உள்கையுறை, போடுவதாக இருந்தால் லைனரோடுதான் போட்டுப் பார்க்க வேண்டும். லைனர் மெரினோ கம்பளி, பாலியஸ்டர் எதுவானாலும் சரி, பருத்தி மட்டும் வேண்டாம். வேர்வையைக் குடித்து வைத்துக்கொண்டு கையைக் குளிரவிடும்.

நீர் புகாமையை வீட்டிலேயே சோதித்துவிடலாம். கையில் ஒரு டிஷ்யூ பேப்பரைச் சுற்றிக் கையுறையை மாட்டி, வாளித் தண்ணீரில் மணிக்கட்டுக்குக் கீழே வரை 3 நிமிஷம் முக்கி, விரலை மடக்கி மடக்கி நீட்டுங்கள். பேப்பர் நனைந்தால் திருப்பி அனுப்பும் வழியைப் பாருங்கள். நனைத்த கையுறையைச் சில கடைகளில் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்பதால், சோதிக்கும் முன்பே கடைக்காரரின் விதியைப் படித்துவிடுங்கள்.

தை மாதம் கல்யாணமாகி மணாலிக்குப் போகிற ஜோடிகள் நிறைய. அவர்களுக்கு ஒரு வார்த்தை: வளையலுக்கு மேல் கையுறை ஏறாது, ஏறினாலும் மணிக்கட்டில் இடைவெளி விழுந்து பனி உள்ளே போகும். கண்ணாடி வளையலோடு விழுந்தால் கை கிழியும். மோதிரமும் தங்க வளையலும் உலோகம், குளிரை நேராகத் தோலுக்குக் கொண்டுவரும், விரல் வீங்கினால் இறுக்கவும் செய்யும். எல்லாவற்றையும் அறையிலேயே பத்திரப்படுத்திவிட்டு வெறுங்கையோடு கிளம்புங்கள். கோயில் கயிறு கட்டியிருந்தால் அதை மேலே ஏற்றிச் சட்டைக் கைக்குள் விடுங்கள். நூல் நனைந்தால் திரி போல ஈரத்தை உள்ளே இழுக்கும்.

மாட்டும் வரிசை முக்கியம். நீளமான வாய் உள்ள கையுறையானால் முதலில் ஜாக்கெட், அதற்கு மேல் கையுறை, பிறகு மணிக்கட்டுப் பட்டை, கடைசியாக வாயில் உள்ள கயிற்றை இழுத்து இறுக்க வேண்டும். வாய் குட்டையானதை முதலில் மாட்டி, ஜாக்கெட் கையை அதன் மேல் இறக்கிப் பட்டை போட வேண்டும். மணிக்கட்டில் ஒரு விரல் கடை தோல் தெரிந்தாலும் முதல் விழுதலிலேயே பனி உள்ளே போய்விடும். கையுறையோடு வரும் கைச்சுருக்கைக் கட்டாயம் மணிக்கட்டில் மாட்டுங்கள். சரிவில் நழுவி உருண்டு போன கையுறை திரும்பி வராது.

கை சூடாக இருக்கும்போதே கையுறையை மாட்டுங்கள். பஞ்சு சூட்டை உண்டாக்காது, இருக்கிற சூட்டைக் காப்பாற்ற மட்டுமே செய்யும். காலில் மாட்டும் சறுக்குப் பலகையான ஸ்கீயைத் தோளில் போட்டு மேட்டில் ஏறும்போது வேர்க்கும், அப்போது கழற்றிவிட்டு லைனரோடு நடங்கள். உள்ளே ஊறிய வேர்வை, நீங்கள் நடையை நிறுத்தியதும் சில்லிடும். கழற்றியதைப் பனியில் போடாமல் ஜாக்கெட்டுக்குள் செருகுங்கள். ஸ்கீயின் எஃகு விளிம்பு கத்தி போல இருக்கும். விளிம்பைப் பிடித்துத் தூக்கினால் உள்ளங்கை கீறிப் போகும், தட்டையான பக்கத்தைப் பிடியுங்கள். சரிவில் கயிற்றைப் பிடித்து மேலேறும் வசதி இருந்தால் அந்தக் கயிறு தோலை அரைத்துவிடும். அதற்கு மட்டும் ஒரு பழைய கையுறையை வைத்துக்கொள்ளலாம்.

கையுறை ஊறிவிட்டது, மாற்று இல்லை என்றால் லைனருக்கு மேல் மெல்லிய பாலித்தீன் கவரைப் போட்டு அதன்மேல் கையுறையை மாட்டுங்கள். வேர்க்கும், ஆனாலும் அறைக்குத் திரும்பும்வரை தாங்கும். விரல் மரத்து, வெளுத்து, மெழுகு போல ஆனால் சறுக்கியது போதும், உள்ளே போய்விடுங்கள். பனியால் தேய்க்கவோ அடுப்பில் காட்டவோ கூடாது, மரத்த விரலுக்குச் சுடுவதே தெரியாது. 37 முதல் 39 டிகிரி வெந்நீரில், அதாவது நம் உடம்புச் சூட்டு நீரில் வைத்து, மருத்துவரிடம் காட்டுங்கள். வழியில் மறுபடி உறைய வாய்ப்பிருந்தால் இடையில் சூடேற்ற வேண்டாம்.

சாயங்காலம் அறைக்கு வந்ததும் நுனியை ஒவ்வொரு விரலாக இழுத்துக் கழற்றுங்கள். வெடுக்கென்று உருவினால் ஈரமான உட்துணி விரலோடு வெளியே வந்துவிடும், திரும்ப உள்ளே தள்ளுவது பெரிய வேலை. தனியாகக் கழலும் லைனரை வெளியே எடுத்து விரித்து வையுங்கள். கையுறைக்குள் செய்தித்தாளைத் திணித்து, மணிக்கு ஒருமுறை மாற்றுங்கள். பிறகு காலித் தண்ணீர்ப் பாட்டில் மேல் வாய் கீழாக மாட்டி நிறுத்துங்கள். காஷ்மீர் அறைகளில் எரியும் தகர அடுப்பான புகாரியின் மேல் மட்டும் வைக்கக் கூடாது. தோல் சுருங்கி அப்பளமாகிவிடும், படலத்தை ஒட்டிய பசையும் விட்டுவிடும்.

ஊருக்கு வந்ததும் பெட்டியைத் திறக்கும் அன்றே கையுறையை வெளியே எடுங்கள். லேபிளில் துவைக்கலாம் என்றிருந்தால் வெதுவெதுப்பான நீரில் கையால் கழுவுங்கள். துணி சோப்புத்தூளும் மென்மைத் திரவமும் நீரை விலக்கும் பூச்சைக் கெடுக்கும், மழைக்கோட்டுத் துணிக்கென்று விற்கும் திரவ சோப்புத்தான் சரி. கடைசி அலசலுக்கு போர் தண்ணீர் வேண்டாம். உப்பும் சோப்பும் சேர்ந்து படிந்து, பூச்சு வேலை செய்யாமல் போகும். தாமிரபரணி குழாய்த் தண்ணீரில் இரண்டு தடவை அலசுங்கள். முறுக்கிப் பிழியக் கூடாது, துண்டில் வைத்து அமுக்கினால் போதும். மொட்டைமாடி வெயில் தோலுக்குப் பகை. தார்சாவில் நிழலில், காற்றோட்டமாகத் தொங்க விடுங்கள். நல்ல காற்றில் ஒரே நாளில் வெளிப்புறம் காய்ந்தாற்போல இருக்கும், உள்ளே விரல் நுனியில் ஈரம் நிற்கும். இன்னும் 2 நாள் விடுங்கள்.

தோலுக்குத் தேன்மெழுகு சேர்ந்த தோல் மெழுகு வேண்டும். சுண்டுவிரல் நகம் அளவு எடுத்து, முதலில் தையல்களிலும் பிறகு உள்ளங்கையிலும் விரலால் சூடு பறக்கத் தேயுங்கள். மறுநாள் காய்ந்த துணியால் துடையுங்கள். தேங்காயெண்ணெய், விளக்கெண்ணெய் தடவாதீர்கள். தோல் தொளதொளத்து, எண்ணெய் பஞ்சுக்குள் இறங்கி, சிக்கு வாடை எடுக்கும். துணிப் பகுதிக்கு மெழுகு கூடாது, நீர் விலக்கும் ஸ்பிரேதான்.

வைக்கும் இடம்: தகரக் கூரைக்கு அடியிலோ மச்சிலோ வேண்டாம். சுவரை ஒட்டாத பீரோத் தட்டில், பழைய வேட்டித் துணியில் தைத்த பையில், மேலே எதுவும் அடுக்காமல் வையுங்கள். அமுங்கிய பஞ்சு திரும்ப எழும்பாது. பாலித்தீன் கவரில் கட்டினால் ஓதம் உள்ளேயே நிற்கும். பையோடு சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு. அந்துருண்டை வாடை பஞ்சில் ஏறினால் போகாது, கம்பளி லைனருக்குக் காய்ந்த வேப்பிலை போதும். ஐப்பசி, கார்த்திகையில் 15 நாளுக்கு ஒருமுறை வெளியே எடுத்து மின்விசிறிக் காற்றில் அரைநாள் வையுங்கள். பூஞ்சை கண்டால் வீட்டுக்கு வெளியே வைத்து உலர்ந்த துணியால் தட்டி, பாதி வினிகர் பாதி தண்ணீர் கலந்து துடைத்து, நிழலில் காயவிட்டு மறுபடி மெழுகு பூசுங்கள்.

உள்ளங்கை கிழிந்திருந்தால் செருப்புத் தைக்கும் அண்ணாச்சியிடம் கொடுத்து ஆட்டுத்தோல் ஒட்டுப் போடலாம். ஆனால் ஊசி வெளித்தோலோடு நிற்க வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள். உள்ளே இறங்கினால் ஒவ்வொரு குத்தும் படலத்தில் ஓர் ஓட்டை. மார்கழியில் பயணம் என்றால் இந்த வேலையையும் வாளிச் சோதனையையும் கார்த்திகை முதல் வாரமே முடித்துவிடுங்கள், மாற்று வாங்க வேண்டியிருந்தால் அளவு பார்க்க நேரம் கிடைக்கும்.