அலுவலகச் சுவரில் கறுப்பினக் கலைஞர்களின் படைப்புகள்: மாட்டுவதற்கு முன் எழுதிக்கொள்ள வேண்டியவை

அமெரிக்காவில் பிப்ரவரி மாதம் கறுப்பின வரலாற்று மாதமாகக் கொண்டாடப்படுவதால், ஜனவரி பிறந்ததும் பல நிறுவனங்களின் ஊழியர் குழுக்கள் கறுப்பின ஓவியர் ஒருவரை அவசரமாகத் தேடத் தொடங்குகின்றன. அத்தகைய குழுக்களில் இருக்கும் தமிழர்களுக்கும் பயன்படக்கூடும் என்பதால், இலாப நோக்கற்ற கலை அமைப்பு ஒன்றோடு சேர்ந்து அலுவலகத்தில் கண்காட்சி நடத்துவதற்கான இந்த வழிமுறைகளைத் தொகுக்கிறேன். கலைஞரை ஒப்பந்தத்தின் சமமான தரப்பாக நடத்த நிறுவனம் தயாராக இல்லையென்றால் கண்காட்சியைத் தொடங்காமல் இருப்பதே நல்லது. தயாராக இருந்தால், குறைந்தது ஆறு மாதங்களுக்கு முன்பே வேலையைத் தொடங்குங்கள். முடிந்தால் பிப்ரவரியைத் தவிர்த்து வேறு மாதத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். அந்த ஒரு மாதத்தில் எல்லோரும் அழைக்கும் கலைஞரை மற்ற பதினொரு மாதங்களில் யாரும் அழைப்பதில்லை.

நிறுவனத்திடம் சுவரும் பணமும் இருக்கும். எந்தக் கலைஞர் இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறார் என்ற அறிவு பெரும்பாலும் இருக்காது. அந்த அறிவுக்காகவே இலாப நோக்கற்ற அமைப்பு ஒன்றை நாடுகிறோம். பெரிய அருங்காட்சியகத்தின் பெயருக்கு ஆசைப்படுவதைவிட, உங்கள் நகரத்துக் கறுப்பினக் கலைஞர்களோடு பல ஆண்டுகள் பழகிய சிறிய கலை மையமோ, கறுப்பினப் பல்கலைக்கழகம் ஒன்றின் கலைக்கூடமோ கூடுதலாக உதவும். தேர்வுக் குழுவில் யார் இருக்கிறார்கள், கலைஞர்களுக்கு ஊதியம் கொடுக்கும் வழக்கம் உண்டா என்ற இரண்டையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஹார்மன் அறக்கட்டளை 1928 முதல் கறுப்பினக் கலைஞர்களுக்கென்றே கண்காட்சிகளை நடத்தியது; அதை நிறுவியவர் வெள்ளையரான நில வணிகர் ஒருவர். அந்த அறக்கட்டளை தரத்தைப் பாராமல் தயவு காட்டும் மனப்பான்மையுடன் நடந்துகொள்கிறது என்று 1934இல் கறுப்பின ஓவியர் ரொமேர் பியர்டன் கடுமையாக எழுதினார். படைப்பின் வலிமையை அறிந்தவர்கள் தேர்ந்தெடுக்காத கண்காட்சிக்கு அந்த விமர்சனம் இன்றும் பொருந்தும். அலுவலகத்தில் இருக்கும் ஒரே கறுப்பின ஊழியரிடம் இந்தப் பொறுப்பை ஊதியமின்றிச் சுமத்துவதும் அதே தவற்றின் மறுவடிவம்தான்.

அடுத்தது பணம். பெரும்பாலான கூட்டு முயற்சிகள் இங்கேதான் கலைஞரை ஏமாற்றிவிடுகின்றன. படைப்பை இரவல் வாங்கினால் அதற்கான கட்டணம், கலைஞர் வந்து பேசினால் அதற்குத் தனி ஊதியம், ஓவியத்துக்குச் சட்டகம் பொருத்துதல், வண்டிச் செலவு, காப்பீடு ஆகிய அனைத்தும் நிறுவனத்தின் கணக்கில் எழுதப்பட வேண்டும். பலர் பார்ப்பார்கள், பெயர் பரவும் என்ற வாக்குறுதியால் வாடகை கட்ட முடியாது. படைப்பை அன்பளிப்பாகக் கேட்கும் வழக்கம் இன்னும் மோசமானது. ஓவியத்தை வாங்கி ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த சேகரிப்பாளர் அதை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தால், பொதுவாக அதன் சந்தை மதிப்பு முழுவதற்கும் வரிக்கழிவு கோரலாம். அதே ஓவியத்தைத் தீட்டியவர் கொடுத்தாலோ, வண்ணத்துக்கும் துணிக்கும் செலவிட்ட தொகையை மட்டுமே கழிக்கலாம். அமெரிக்காவின் 1969ஆம் ஆண்டு வரிச் சட்டத்திலிருந்து நிலைமை இதுதான். ஆகவே நிறுவனம் படைப்பை விலைகொடுத்து வாங்கட்டும். அல்லது இலாப நோக்கற்ற அமைப்புக்கு நன்கொடை அளித்து, அதிலிருந்து கலைஞருக்கு எவ்வளவு, எந்தத் தேதிக்குள் போய்ச்சேரும் என்பதை எழுத்தில் பெறட்டும். கண்காட்சியில் விற்பனையும் உண்டென்றால், அமைப்பு எடுத்துக்கொள்ளும் கமிஷனை முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். வணிகக் கலைக்கூடங்கள் பாதி விலைவரை எடுத்துக்கொள்வது வழக்கம். வாடகை கொடுக்காத சுவரில் விற்கும் அமைப்பு அவ்வளவு கேட்பதற்கு நியாயமில்லை.

உரிமைகளைப் பற்றிச் சட்டப் பிரிவுக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள். அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி ஓவியத்தை வாங்குவதால் அதன் பதிப்புரிமை கைமாறுவதில்லை. வாங்கியவர் அதைத் தம் சுவரில் மாட்டிக்காட்டலாம். ஆனால் நாட்காட்டியிலோ, விளம்பரத்திலோ, ஆண்டறிக்கையின் அட்டையிலோ அச்சிடக் கலைஞரின் தனி அனுமதி வேண்டும். அனுமதி எதற்கு, எத்தனை காலத்துக்கு, என்ன தொகைக்கு என்பதை ஒப்பந்தத்தில் பிரித்து எழுதுவது இரு தரப்புக்கும் நல்லது. சுவரோவியம் தீட்டச் சொல்வதானால் படைப்பைப் பிறர் சிதைப்பதிலிருந்தும் அழிப்பதிலிருந்தும் கலைஞருக்குப் பாதுகாப்புத் தரும் 1990ஆம் ஆண்டின் காட்சிக் கலைஞர் உரிமைச் சட்டத்தையும் படித்துப் பாருங்கள். நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் சுவரோவியங்களை வெள்ளையடித்து அழித்த கட்டட உரிமையாளர், அச்சட்டத்தின்கீழ் 21 கலைஞர்களுக்கு ஏறக்குறைய 67 இலட்சம் டாலர் கொடுக்க வேண்டுமென்று 2018இல் தீர்ப்பானது.

சுவரைப் பொறுத்தவரை ஒரே ஒரு எச்சரிக்கை. காகித ஓவியங்களையும் புகைப்படங்களையும் அருங்காட்சியகங்கள் சுமார் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சத்தில் வைக்கின்றன. அலுவலக மேசைகளின் மேல் விழும் வெளிச்சமோ 300 முதல் 500 லக்ஸ் வரை இருக்கும். புறஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடியிட்டு, சன்னலுக்கு எதிர்ச்சுவரைத் தவிர்த்து, மூன்று மாதத்தில் அவற்றை இறக்கிவிட வேண்டும். எண்ணெய் வண்ணமும் அக்ரிலிக்கும் இதைவிடத் தாங்கும். காப்பீடு, படைப்பு கலைக்கூடத்தை விட்டுப் புறப்படும் நேரத்திலிருந்து திரும்பிச் சேரும்வரை இருக்க வேண்டும். ஓவியத்தின் அருகில் ஒட்டும் குறிப்பைக் கலைஞரே எழுதட்டும், அல்லது திருத்தித் தரட்டும். விளம்பரப் பிரிவு எழுதினால் எல்லாப் படைப்பும் விடாமுயற்சியைப் பற்றியதாகிவிடும்.

கடைசியாக, யாரும் பேச விரும்பாத ஒரு பகுதி உண்டு: நிறுவனம் மூடினாலோ, கைமாறினாலோ, இடம் மாறினாலோ படைப்புகள் என்ன ஆகும்? லாஸ் ஏஞ்சலிஸில் கறுப்பினத்தவரே நடத்திய கோல்டன் ஸ்டேட் மியூச்சுவல் ஆயுள் காப்பீட்டு நிறுவனம், 1949இல் கட்டடக் கலைஞர் பால் வில்லியம்ஸ் வடிவமைத்த தன் கட்டடத்தின் வரவேற்புக்கூடத்தில் சார்லஸ் ஆல்ஸ்டன், ஹேல் உட்ரஃப் ஆகிய கறுப்பின ஓவியர் இருவரின் பெரும் சுவரோவியங்களை வைத்தது. அங்கே பணியாற்றிய ஓவியர் வில்லியம் பஜோ 1965 முதல் ஒரு சேகரிப்பையும் உருவாக்கினார். வேலைக்கு வருபவர் தினமும் கடந்துபோகும் இடத்திலேயே தரமான கலை இருந்தது என்ற வகையில் இதைவிடச் சிறந்த முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை. ஆயினும் நிறுவனம் நிதி நெருக்கடியில் சிக்கியபோது, 2007இல் சேகரிப்பின் பெரும்பகுதி ஏலத்துக்குப் போனது. பின்னர் சுவரோவியங்களும் போய்விடாதிருக்க ஊரார் குரல் எழுப்ப வேண்டியிருந்தது. எபனி இதழை வெளியிட்ட சிகாகோவின் ஜான்சன் பதிப்பகம் 2019இல் திவாலானதும், அதன் அலுவலக ஓவியங்கள் 2020 ஜனவரியில் நியூயார்க்கில் ஏலம் விடப்பட்டன. விமர்சனத்துக்கு ஆளான ஹார்மன் அறக்கட்டளை இந்த ஒன்றில் மட்டும் முந்திக்கொண்டது: 1967இல் மூடும்போது தன்னிடமிருந்த படைப்புகளை ஃபிஸ்க், ஹாம்ப்டன் ஆகிய கறுப்பினக் கல்வி நிலையங்களுக்கும் வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்களுக்கும் பிரித்துக் கொடுத்தது.

ஆகவே ஒப்பந்தத்தில் இந்த உட்பிரிவைக் கட்டாயம் சேருங்கள். இரவல் படைப்பு நிறுவனத்தின் சொத்து அல்ல என்றும், கடன்காரர் எவரும் அதன்மேல் உரிமை கோர முடியாது என்றும் எழுதி, அதற்குத் தேவையான அரசுப் பதிவு உங்கள் மாநிலத்தில் உண்டா என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள். வாங்கிய படைப்பை விற்க நேர்ந்தால் முதலில் கலைஞருக்கும், அடுத்து கூட்டாளி அமைப்புக்கும் தெரிவித்து, அவர்கள் திரும்ப வாங்க 60 நாள் அவகாசம் தர வேண்டும். அந்த அறிவிப்பை எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்பதை ஆண்டுக்கொருமுறை சரிபார்க்கும் பொறுப்பை, ஆள் மாறினாலும் மாறாத ஒரு பதவியின் பெயரில் ஒப்படையுங்கள்.