குளத்துச் செடியையும் அதன் பிம்பத்தையும் படமெடுப்பது எப்படி?

குளத்தில் தெரியும் பிம்பத்தைப் புதிதாகப் படமெடுக்க வருகிறவர்கள் பலர், அது தண்ணீரின் மேல் படிந்து கிடப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் ஒரு பூ நீருக்கு மேல் எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ, அவ்வளவு ஆழத்தில் அதன் பிம்பம் நீருக்குக் கீழே இருப்பதாகத்தான் கேமராவுக்குத் தெரியும். எந்தச் செடியை எடுப்பது, கேமராவை எங்கே வைப்பது, எதை ஃபோகஸ் செய்வது என்ற கேள்விகளுக்கெல்லாம் இதிலிருந்தே விடை கிடைக்கும்.

விலை உயர்ந்த கேமரா வேண்டும் என்றில்லை, போன் போதும். ஒரு விஷயத்தில் போன்தான் வசதி. அதைக் கீழே சொல்கிறேன்.

படி 1: எழுந்து நிற்கும் செடியைத் தேடுங்கள்

அல்லி இலை நீரோடு ஒட்டி மிதப்பது. நீர்மட்டத்திலேயே கிடக்கும் பொருளுக்குப் பிம்பம் என்று தனியாக ஒன்றும் தெரியாது. பிம்பம்தான் வேண்டும் என்றால் தாமரை, கோரை, சம்பு, நாணல் போல நீரை விட்டு மேலே எழுந்து நிற்பவற்றைத் தேடுங்கள். அல்லியிலும் மொட்டும் பூவும் காம்போடு சற்று உயர்ந்து நிற்கும் வகைகள் உண்டு. வளைந்த காம்பு, காற்றில் ஒடிந்து மடங்கிய கோரை, காய்ந்த தாமரைக் காய் எல்லாம் அருமையான பொருள்கள். நீரைத் தொடும் இடத்தில் காம்பும் அதன் பிம்பமும் சேர்ந்து ஒரு கோணமோ முக்கோணமோ உருவாகும். முழுதாக மலர்ந்த பூவைவிட எனக்கு இவைதான் பிடிக்கும்.

செடிக்கு முன்னால் வெறும் நீர் இருக்கிறதா என்றும் பாருங்கள். கேமராவும் பூவும் நீரிலிருந்து ஒரே உயரத்தில் இருந்தால், பூவின் பிம்பம் இரண்டுக்கும் சரிபாதி தூரத்தில் உள்ள நீரில் தெரியும். அந்த இடத்தில் ஆகாயத்தாமரை மண்டிக் கிடந்தால் பிம்பம் கிடைக்காது. கேமராவைத் தாழ்த்தத் தாழ்த்த அந்த இடம் உங்கள் பக்கம் நகர்ந்து வரும். உயர்த்தினால் செடியின் பக்கம் போகும்.

படி 2: காலையிலேயே போங்கள்

வெயில் ஏறித் தரை சூடானால் காற்றும் கிளம்பிவிடும். சூரியன் உதித்த பின் வரும் முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில்தான் நீர் பெரும்பாலும் அசையாமல் இருக்கும். பகலில் பூக்கும் அல்லிகள் காலையில் விரிந்து, பிற்பகலில் மூடத் தொடங்கும். இரவில் பூக்கும் வகைகள் மாலையில் விரிந்து மறுநாள் முற்பகலில் மூடிவிடும், ஆகவே அதிகாலையில் போனால் அவையும் கிடைக்கும். காற்று இருந்தால் மரமோ மேடோ மறைக்கும் ஓரமாகத் தேடுங்கள். அங்கே நீர் முதலில் அடங்கும்.

படி 3: முதலில் நீரைப் பாருங்கள்

செடியைப் பார்த்ததும் படமெடுக்கத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். அதைச் சுற்றியுள்ள நீரில் என்ன தெரிகிறது? வெளிறிய வானம் தெரிந்தால் நீர் வெள்ளையாகி, வெளிர்நிறப் பூ அதில் கரைந்துபோகும். எதிர்க்கரையின் நிழலில் உள்ள மரங்கள் தெரிந்தால் நீர் கறுத்து, வெயில் படும் பூவும் அதன் பிம்பமும் பளிச்சென்று எழும்பும். கோரை போன்ற மெல்லிய செடிகளுக்கு இது தலைகீழ்: வெளிச்சமான நீரில் கறுப்புக் கோடுகளாக அவை அழகாக வரும். இரண்டுக்குமே கரையில் நாலடி நகர்ந்தால் போதும், பின்னணி முழுவதும் மாறிவிடும்.

படி 4: கேமராவைத் தாழ்த்துங்கள்

நேர் மேலிருந்து பார்த்தால், விழும் ஒளியில் சுமார் 2 சதவீதத்தைத்தான் நீர் திருப்பி அனுப்புகிறது. பார்வை சாயச் சாய இது கூடி, நீர்மட்டத்தை ஒட்டிப் பார்க்கும்போது ஏறக்குறைய கண்ணாடியாகவே மாறிவிடும். பிம்பம் மங்கலாகத் தெரிந்தால் செட்டிங்கை மாற்றுவதற்கு முன் குத்தவைத்து உட்கார்ந்து பாருங்கள்.

இன்னொன்று: பிம்பத்தில் தெரிவது நீருக்கு அடியிலிருந்து பார்த்தால் தெரியும் காட்சி. நின்றபடி எடுத்தால் மேலே பூவின் மகரந்தமும், கீழே பிம்பத்தில் அதன் அடிப்பக்கமும் வரும். இரண்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்றால் கேமரா நீரை ஒட்ட வேண்டும். போன் இங்கேதான் கைகொடுக்கும். அதைத் தலைகீழாகப் பிடித்தால் லென்ஸ் கீழே வந்து நீருக்கு ஓரிரு அங்குலம் மேலே நிற்கும். கையில் மாட்டும் கயிறு அவசியம். கரையில் பாசி வழுக்கும். ஆழம் தெரியாத நீரில் இறங்க வேண்டாம்.

செடி தள்ளி இருந்தால் போனில் விரலால் இழுத்துப் பெரிதாக்குவதைவிட, டெலி லென்ஸ் (தூரத்துப் பொருளைப் பெரிதாகக் காட்டும் லென்ஸ்) இருந்தால் அதற்கு மாறுங்கள். கேமராவில் 200 அல்லது 300 மி.மீ. வரை போகும் ஜூம் இருந்தால் கரையிலிருந்தே எடுத்துவிடலாம்.

படி 5: ஃபோகஸ்

மூன்று மீட்டர் தள்ளி நிற்கும் பூவும் அதன் பிம்பமும் ஏறக்குறைய ஒரே தூரம்தான், சிக்கல் இல்லை. பூவின் மேல் ஃபோகஸ் செய்து, லென்ஸ் துளையின் அளவை எஃப்/8 என்று வைத்தால் (இந்த எண் கூடினால் துளை சிறிதாகும், தெளிவாக வரும் தூரம் கூடும்) பொதுவாக இரண்டும் தெளிவாக வரும். ஆனால் அருகில் ஓர் அல்லி இலை, அதன் பக்கத்தில் தூரத்து மரத்தின் பிம்பம் என்று எடுத்தால் கதை வேறு. கேமராவிலிருந்து நீர்வரை உள்ள தூரத்தோடு நீரிலிருந்து மரம்வரை உள்ள தூரத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள். அவ்வளவு தள்ளி இருப்பதாகத்தான் லென்ஸ் அந்தப் பிம்பத்தைப் பார்க்கிறது. இலையா மரமா என்று முடிவு செய்யுங்கள். எஃப்/11 வரை போய்ப் பார்க்கலாம். எஃப்/16-ஐத் தாண்டினால் படம் மொத்தமாகக் கூர்மை குறையும். போனில் வேண்டிய இடத்தை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸ் பூட்டிக்கொள்ளும்.

படி 6: வெளிச்சம்

கறுத்த நீரில் வெள்ளைப் பூ என்றால் கேமரா ஏமாறும். நீரை வெளிச்சமாக்கப் பார்த்து, இதழ்களை வெறும் வெள்ளையாக்கிவிடும். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை -1 வரை இறக்குங்கள். போனில் திரையைத் தொட்டு, அங்கே தோன்றும் சூரியக் குறியைக் கீழே இழுங்கள். இதழின் நரம்புகள் தெரிந்தால் சரி. செடி லேசாக ஆடினால் ஷட்டர் வேகம் 1/250 நொடிக்குக் குறையாமல் வையுங்கள், அதற்காக ஐஎஸ்ஓ (ஒளியுணர் திறன்) ஏறினாலும் பரவாயில்லை.

போலரைசர் பற்றி

நீரைப் படமெடுக்கப் போலரைசர் ஃபில்டர் (லென்ஸின் முன் மாட்டித் திருப்பும் கண்ணாடி) வாங்கு என்று எல்லோரும் சொல்வார்கள். இந்த வேலைக்கு அவசரப்பட்டு வாங்க வேண்டாம். நீரின் பிரதிபலிப்பை அகற்றுவதுதான் அதன் முக்கியமான வேலை, நமக்கு வேண்டியதோ அந்தப் பிரதிபலிப்பு. நீர்மட்டத்துக்குச் சுமார் 37 டிகிரி சாய்வில் பார்க்கும்போது அது மிகக் கடுமையாக வேலை செய்யும்; பிம்பம் அடியோடு காணாமல் போய்க் குளத்தின் அடிமண் தெரியும். கையில் ஏற்கெனவே இருந்தால், பிம்பம் மறையும் நிலையிலிருந்து கால் சுற்று திருப்புங்கள். பிம்பம் திரும்பி வந்து, அடியிலிருந்து வரும் கலங்கல் கொஞ்சம் குறையும். ஒன்றிரண்டு ஸ்டாப் வெளிச்சம் (ஒரு ஸ்டாப் என்றால் பாதி) போய்விடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

படி 7: சட்டத்துக்குள் அடைப்பது

பூவின் தலையை யாரும் வெட்டுவதில்லை, பிம்பத்தின் தலையைத்தான் வெட்டிவிடுகிறார்கள். கீழே கொஞ்சம் நீர் மிச்சம் இருக்கட்டும். செடி நீரைத் தொடும் கோட்டை நட்டநடுவில் வைக்கக் கூடாது என்ற பொதுவான அறிவுரையை இங்கே தாராளமாக மீறலாம். அப்புறம், செடியையே விட்டுவிட்டுப் பிம்பத்தை மட்டும் ஒன்று எடுங்கள்.

எடிட் செய்யும்போது பிம்பத்தை வெளிச்சமாக்கும் ஆசை வரும். பிம்பம் அசலைவிடச் சற்று மங்கலாக இருப்பதுதான் இயல்பு. அதை மீறினால் படம் ஒட்டுவேலை போலத் தெரியும். காம்பும் பிம்பமும் சந்திக்கும் கோடு சாய்ந்திருக்கிறதா என்று பார்த்து நிமிர்த்துங்கள். மிதக்கும் தூசு, குப்பைகளில் கண்ணை இழுக்கும் ஒன்றிரண்டை மட்டும் அழித்தால் போதும்.