மாத்திரைப் பெயரின் வாலைப் பிடியுங்கள்: மருந்துக் குடும்பங்களை அடையாளம் காணும் வழி

மருந்துப் பெயர்களை மனப்பாடம் செய்ய முயன்று பாதியில் விட்டவர்கள்தான் அதிகம். டி.ஃபார்ம், நர்சிங் முதலாண்டு மாணவர்களுக்கும் இதே பாடு. வீட்டில் அப்பா அம்மாவின் மாத்திரைகளைக் காலை, இரவு என்று பிரித்து வைக்கிறவர்களுக்கும் இதே பாடு. ஆனால் இந்தப் பெயர்கள் வாய்க்கு வந்தபடி வைத்தவை இல்லை. மருந்துகளுக்கு உலகம் முழுக்க ஒரே பொதுப்பெயர் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1950-இல் முடிவெடுத்தது. 1953-இல் முதல் பட்டியல் வெளிவந்தது. ஒரே மாதிரி வேலை செய்யும் மருந்துகளின் பெயரில் ஒரு துண்டு பொதுவாக வரும்படி பார்த்துக்கொள்கிறார்கள். அந்தத் துண்டு பெரும்பாலும் பெயரின் கடைசியில் இருக்கும். அதை இங்கே வால் என்றே சொல்லிவிடுகிறேன்.

படி 1: பொதுப்பெயரைக் கண்டுபிடியுங்கள்

அட்டையில் இரண்டு பெயர்கள் இருக்கும். ஒன்று கம்பெனி வைத்த பெயர், இன்னொன்று மருந்தின் பெயர். டோலோ, குரோசின் இரண்டும் கம்பெனிப் பெயர்கள். உள்ளே இருப்பது பாராசிட்டமால். வால் பார்க்கும் வித்தை பொதுப்பெயரில்தான் பலிக்கும், கம்பெனிப் பெயரில் பலிக்காது. பொதுப்பெயரைக் கம்பெனிப் பெயரைவிடப் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும் என்று 2018-இல் விதி வந்தது. அதனால் இப்போது தேடுவது முன்னைவிடச் சுலபம். பெயரை ஒட்டி ‘ஐ.பி.’ என்று இருந்தால் அது இந்திய மருந்துத் தரநூலைக் குறிக்கும். பெரும்பாலும் அதற்கு முன்னால் இருப்பதுதான் நமக்கு வேண்டியது. மக்கள் மருந்தகத்தில் வாங்கிய அட்டை என்றால் இந்தத் தேடலே வேண்டாம், பொதுப்பெயர்தான் பெரிதாக இருக்கும்.

படி 2: ஒட்டிக்கொண்டிருப்பதைக் கழற்றுங்கள்

அம்லோடிபின் அட்டையில் ‘அம்லோடிபின் பெசிலேட்’ என்று எழுதி, 5 மில்லிகிராம் அம்லோடிபினுக்குச் சமம் என்றும் போட்டிருப்பார்கள். பெசிலேட் என்பது மருந்தோடு சேர்ந்து வரும் வேதியியல் உப்பு, சமையல் உப்பு இல்லை. சோடியம், பொட்டாசியம், கால்சியம், ஹைட்ரோகுளோரைடு என்று வருபவையும் அப்படித்தான். லோசார்டான் பொட்டாசியம் என்று பார்த்துவிட்டு, பொட்டாசியம் சத்து மாத்திரை என்று நினைத்துக்கொள்ளக் கூடாது.

வால் பார்க்கும்போது மட்டும் உப்பைக் கழற்றினால் போதும், மற்றபடி அதை அலட்சியம் செய்ய வேண்டாம். மெட்டோபிரோலால் சக்சினேட் அட்டை ஒன்றை எடுத்துப் பாருங்கள். 47.5 மில்லிகிராம் என்று ஒரு வினோதமான எண் இருக்கும். அருகிலேயே, 50 மில்லிகிராம் மெட்டோபிரோலால் டார்ட்ரேட்டுக்குச் சமம் என்று இருக்கும். மருந்து ஒன்றுதான், உப்புதான் வேறு. எடை அதனால் மாறுகிறது. இ.ஆர்., எஸ்.ஆர்., எக்ஸ்.எல். போன்ற எழுத்துகள் மாத்திரை மெதுவாகக் கரையும் என்று சொல்பவை. அவற்றையும் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள்.

படி 3: வாய்விட்டுப் படியுங்கள்

கண்ணைவிடக் காது இதில் சீக்கிரம் பழகும். பிரஷர் மாத்திரைகளிலிருந்து தொடங்குவோம். ஏறக்குறைய எல்லா வீட்டிலும் இருப்பவை, நான்கு வால்களும் தெளிவானவை.

டெல்மிசார்டான், லோசார்டான், ஓல்மிசார்டான்: வால் ‘சார்டான்’. எனலாபிரில், ராமிபிரில், லிசினோபிரில்: வால் ‘பிரில்’. இரண்டும் பங்காளிகள். ஆஞ்சியோடென்சின் என்று உடம்பில் ஒரு பொருள் ரத்தக் குழாய்களை இறுக்கும். பிரில் அது உருவாவதையே குறைக்கும்; சார்டான் அது போய் ஒட்டும் இடத்தை அடைத்துவிடும். பிரில் சாப்பிடும் சிலருக்கு விடாத வறட்டு இருமல் வரும். டாக்டர் சார்டானுக்கு மாற்றினால் அது பெரும்பாலும் நின்றுவிடும். வாலைத் தெரிந்தவருக்கு அந்த இருமல் எங்கிருந்து வருகிறது என்று சந்தேகமாவது வரும். தெரியாதவர் இருமல் டானிக் வாங்கிக்கொண்டே இருப்பார். இந்த இரண்டு வால்களையும் பொதுவாகச் சேர்த்துக் கொடுப்பதில்லை, கர்ப்பிணிகளுக்கும் தருவதில்லை. இன்னொரு சங்கதி: பிரில் குடும்பத்தின் மூத்த பிள்ளை கேப்டோபிரில், பிரேசில் நாட்டு விரியன் ஒன்றின் விஷத்தை ஆராய்ந்த வழியில் பிறந்தது.

அடெனோலால், மெட்டோபிரோலால், புரோபிரனோலால்: வால் ‘ஓலால்’. இவை அட்ரினலின் போய் ஒட்டும் ‘பீட்டா’ இடங்களை அடைத்து இதயத் துடிப்பை நிதானப்படுத்தும் பீட்டா பிளாக்கர்கள். வீசிங் உள்ளவர்கள் இந்த வாலைக் கண்டால், தங்களுக்கு ஆஸ்துமா இருப்பது டாக்டருக்குத் தெரியுமா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். லபேடலால், கார்வெடிலால் இரண்டும் கொஞ்சம் மாறுபட்ட ஓசையில் முடிவதற்குக் காரணம் உண்டு. அவை பீட்டா இடங்களோடு ‘ஆல்ஃபா’ என்ற இன்னொரு வகை இடங்களையும் சேர்த்து அடைப்பவை.

அம்லோடிபின், நிஃபெடிபின், சில்னிடிபின்: வால் ‘டிபின்’. ரத்தக் குழாய்ச் சுவரைத் தளர்த்துபவை. அம்லோடிபினில் கணுக்கால் வீக்கம் சிலருக்கு வரும்.

படி 4: மற்ற வால்கள்

சுகருக்கு: ‘கிளிப்டின்’ (சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின், டெனிலிகிளிப்டின்), ‘கிளிஃப்லோசின்’ (டாபாகிளிஃப்லோசின், எம்பாகிளிஃப்லோசின்). பின்னது சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும். இதைச் சாப்பிடுபவரின் யூரின் டெஸ்டில் சர்க்கரை இருப்பதாக வந்தால் அது மருந்து வேலை செய்வதன் அடையாளம், பதற வேண்டாம்.

கொலஸ்ட்ராலுக்கு ‘வாஸ்டேடின்’: அடோர்வாஸ்டேடின், ரோசுவாஸ்டேடின். கேஸ் மாத்திரைக்கு ‘பிரசோல்’: பான்டோபிரசோல், ஒமேபிரசோல், ராபிபிரசோல். ஆன்டிபயாடிக்கில் ‘சிலின்’, ‘ஃப்ளாக்சசின்’, ‘சைக்ளின்’. வலிக்கு ‘புரோஃபென்’, ‘ஃபெனாக்’, ‘காக்சிப்’. வால் மூன்றானாலும் வேலை ஏறக்குறைய ஒன்றுதான். வாந்திக்கு ‘செட்ரான்’, மரத்துப்போகும் ஊசிக்கு ‘கெயின்’, வைரஸுக்கு ‘விர்’. டயாசெபாம், குளோனசெபாம், லோரசெபாம் என்று ‘செபாம்’ கேட்டால் அது பதற்றத்தைத் தணித்துத் தூக்கத்தைத் தரும் வகை; பழக்கமாகிவிடக் கூடியது.

படி 5: தலையில் அடையாளம் உள்ளவை

இவை குறைவு. ‘செஃப்’ என்று தொடங்கினால் செஃபாலோஸ்போரின் ஆன்டிபயாடிக்: செஃபிக்சிம், செஃப்ட்ரியாக்சோன். ‘கிளி’ என்று தொடங்கும் கிளிமிபிரைடு, கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு மூன்றும் கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்லும் சுகர் மாத்திரைகள். சாப்பாடு தவறினால் லோ சுகர் வரும்.

மற்றபடி தலையை நம்பாதீர்கள். மெட்ஃபார்மின் சுகருக்கு, மெட்டோபிரோலால் பிரஷருக்கு, மெட்ரோனிடசோல் அமீபா பேதிக்கு. மூன்றும் ‘மெட்’டில்தான் தொடங்குகின்றன. “அந்த மெட் மாத்திரை கொடுங்க” என்று மெடிக்கலில் கேட்பது எவ்வளவு ஆபத்து என்று பாருங்கள்.

படி 6: ஏமாற்றும் வால்கள்

புதிதாகக் கற்பவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். காரணம் ஒன்றே: வாலைப் பாதியில் பிடிப்பது.

‘அசோல்’ என்ற ஓசையை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஃபுளுகோனசோல் பூஞ்சைக்கு, அல்பெண்டசோல் பூச்சி மாத்திரை, டினிடசோல் அமீபாவுக்கு, கார்பிமசோல் தைராய்டுக்கு, பான்டோபிரசோல் கேஸுக்கு. ‘கோன’, ‘பெண்ட’, ‘நிட’, ‘பிர’ என்ற முந்தைய அசையையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். அப்படிப் பிடித்தாலும் அரிபிபிரசோல் வந்து குழப்பும். அது கேஸ் மாத்திரை இல்லை, மனநல மருந்து. அதன் வால் ‘பிபிரசோல்’, ஓர் அசை நீளம்.

நிஸ்டாடினும் ஸ்டேடின்போல ஒலிக்கும். ஆனால் அது வாய்ப்புண் பூஞ்சைக்கான மருந்து. நியூயார்க் மாநிலச் சுகாதாரத் துறையில் கண்டுபிடித்ததால் அந்த மாநிலத்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதனால்தான் கொலஸ்ட்ராலுக்கு ‘வா’வோடு சேர்த்து ‘வாஸ்டேடின்’ என்று பழகச் சொன்னேன். ஓலான்சபின், குளோசபின் இரண்டும் ‘பின்’னில் முடிந்தாலும் ‘டிபின்’ இல்லை, மனநல மருந்துகள். டோம்பெரிடோன் வாந்திக்கு, ரிஸ்பெரிடோன் மனநலத்துக்கு. பாராசிட்டமாலும் சால்பியூட்டமாலும் ‘ஆல்’ என்று முடிகின்றன, ‘ஓலால்’ இல்லை. ஸ்டானசோலால் என்ற ஸ்டீராய்டு மட்டும் முழு வாலோடு வந்து நிற்கும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. பிரிலோகெயினில் ‘பிரில்’ தலையில் இருக்கிறது. கணக்கில் வராது, வால் ‘கெயின்’தான்.

‘மைசின்’ தனி ரகம். அது மருந்து எந்த நுண்ணுயிரியிடமிருந்து வந்தது என்பதைத்தான் சொல்லும், எப்படி வேலை செய்யும் என்று சொல்லாது. ஸ்ட்ரெப்டோமைசின், கிளிண்டாமைசின், அசித்ரோமைசின் மூன்றும் வேறு வேறு குடும்பம்.

ஆஸ்பிரின், வார்ஃபரின், டிகாக்சின் மாதிரிப் பழைய மருந்துகளுக்கு இந்த ஏற்பாடே பொருந்தாது. அவற்றைத் தனியாகத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த டப்பா என்றால் பெயரே மாறியிருக்கலாம்: அங்கே பாராசிட்டமால் அசெட்டமினோஃபென், சால்பியூட்டமால் ஆல்பியூட்டரால்.

படி 7: ஒரு சீட்டில் முயன்று பாருங்கள்

ஒரு பெரியவரின் மாத்திரைகள் என்று வைத்துக்கொள்வோம். பிரஷர் டாக்டர் எழுதியது: டெல்மிசார்டான் 40, அம்லோடிபின் 5, ரோசுவாஸ்டேடின் 10, பான்டோபிரசோல் 40. மூட்டுவலிக்கு எலும்பு டாக்டர் எழுதியது: அசெக்லோஃபெனாக்கும் பாராசிட்டமாலும் சேர்ந்த மாத்திரை, ராபிபிரசோல் 20.

வால்களை வரிசையாக எழுதுங்கள்: சார்டான், டிபின், வாஸ்டேடின், பிரசோல், ஃபெனாக், பிரசோல். கேஸ் மாத்திரை இரண்டு தடவை வந்திருக்கிறது. கம்பெனிப் பெயர் வேறு, நிறம் வேறு என்பதால் டப்பாவைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. சார்டானோடு ஃபெனாக் இருப்பதும் கவனிக்க வேண்டியது. இந்த வகை வலி மாத்திரைகள் பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்துக்கும் சுமை. இரண்டு சீட்டையும், அட்டைகளையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடமோ மருந்தாளுநரிடமோ காட்டுங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். குறிப்பாக ‘ஓலால்’ மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் நெஞ்சுவலி வரலாம்.

இப்போது நீங்களே சொல்லுங்கள்: பிசோபிரோலால், இட்ராகோனசோல், லினாகிளிப்டின், ஒன்டான்செட்ரான், எடோரிகாக்சிப், கார்பமசெபின்.

விடை: பீட்டா பிளாக்கர், பூஞ்சை, சுகர், வாந்தி, வலி. கடைசியாக உள்ளதை ‘டிபின்’ என்று நினைத்திருந்தால் படி 6-ஐ இன்னொரு முறை படியுங்கள். அது வலிப்பு நோய்க்கான மருந்து.