ஆட்ட அட்டவணையை நம்பித் தொடருந்துச் சீட்டு எடுக்காதீர்கள்

தென் இலண்டனுக்குப் புதிதாக வந்து, வங்கிக் கணக்கு, தேசிய காப்புறுதி இலக்கம், வைத்தியர் பதிவு எல்லாம் முடித்த பிறகு, சனிக்கிழமைப் பின்னேரங்களை என்ன செய்வதென்று தெரியாமல் அறையில் அடைந்து கிடப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பிரீமியர் லீக் உதைபந்தாட்டத்துக்குச் சீட்டுத் தேடி அலையாமல், பக்கத்திலுள்ள கீழ்ப்பிரிவுக் கழகம் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். எனக்கு அமைந்தது ஏ.எஃப்.சி. விம்பிள்டன். எஃப்ரா வீதிக் கணபதி கோவிலில் கும்பிட்டுவிட்டு அப்படியே நடந்து போகக்கூடிய தூரத்தில்தான் அதன் மைதானமான பிளவ் லேன் இருக்கிறது. பழைய விம்பிள்டன் கழகத்தை மில்டன் கீன்ஸுக்குக் கொண்டுபோக 2002 இல் அனுமதி கொடுக்கப்பட்டபோது, இரசிகர்களே ஆங்கில உதைபந்தாட்டத்தின் ஒன்பதாம் பிரிவிலிருந்து புதிதாகத் தொடங்கிய கழகம் இது. சொந்த இடத்துக்குத் திரும்ப அவர்களுக்கு 2020 நவம்பர் வரை ஆனது. நம்மவர்களுக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை.

சீட்டு எடுப்பது கடினமன்று. கழகத்தின் இணையத்தளத்தில் கணக்கைத் திறந்து அங்கேயே வாங்குங்கள். வெளியாரிடம் வாங்க வேண்டாம், அனுமதியின்றி உதைபந்தாட்டச் சீட்டை மறுவிற்பனை செய்வது 1994 ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பருவகாலச் சீட்டு சொந்த மைதானத்தில் நடக்கும் 23 லீக் ஆட்டங்களுக்கானது, கிண்ண ஆட்டங்களுக்குப் பெரும்பாலும் தனியாகப் பணம் கட்ட வேண்டும். சனிக்கிழமை பிற்பகல் 2.45 முதல் 5.15 வரை நேரடி ஒளிபரப்புக்குத் தடை இருப்பதால், மூன்று மணி ஆட்டத்தை வீட்டிலிருந்து பார்க்கலாம் என்றும் எண்ணாதீர்கள்.

இனி, என் பணத்தைத் தின்ற விடயத்துக்கு வருகிறேன். கோடையில் வெளியாகும் அட்டவணையில் 46 ஆட்டங்களுக்கும் திகதி போட்டிருக்கும். அதை நாட்காட்டி என்று நினைத்துவிடாதீர்கள். தொலைக்காட்சிக்காக நேரம் மாறும். கிண்ணப் போட்டியில் அணி முன்னேறினால் அந்த வார லீக் ஆட்டம் தள்ளிப்போகும். மூன்று வீரர்கள் தத்தம் நாட்டு அணிகளுக்கு அழைக்கப்பட்டால் ஆட்டத்தைப் பிற்போடும்படி கழகமே கேட்கலாம். 2024 செப்டெம்பரில் வாண்டில் ஆறு பெருகிப் பிளவ் லேன் புல்தரையில் குழியே விழுந்தது. நியூகாசிலுடன் அங்கே நடக்கவிருந்த கிண்ண ஆட்டத்தை நியூகாசிலிலேயே ஆட வேண்டியதாயிற்று. இவை எல்லாவற்றையும்விட ஏமாற்றுவது சனவரி மாத உறைபனி.

அப்படியொரு சனவரியில், இளவாலையில் பந்தடித்து வளர்ந்து அப்போதுதான் இங்கு வந்திருந்த மருமகனையும் அழைத்துக்கொண்டு, வடக்கே ஒரு நகரத்தில் நடக்கும் வெளியூர் ஆட்டத்துக்கு மலிவான முற்பதிவுத் தொடருந்துச் சீட்டு எடுத்திருந்தேன். முதல் நாள் மாலையே, "காலையில் மைதானம் பரிசோதிக்கப்படும்" என்று அறிவித்திருந்தார்கள். மாரி மழையில் கணுக்கால் சேற்றிலும் ஆட்டத்தை நிறுத்தாத ஊரில் வளர்ந்த எனக்கு அது வெறும் சம்பிரதாயமாகப் பட்டது. யூஸ்டனில் ஏறி, புட்டுப் பொதியைப் பிரித்துச் சம்பலைத் தொட்ட வேளையில், தரை கல்லாக உறைந்திருப்பதால் நடுவர் ஆட்டத்தை நிறுத்திவிட்டார் என்று கைத்தொலைபேசியில் செய்தி வந்தது. யன்னலுக்கு வெளியே பார்த்தால், வேறெந்த ஊரும் கிடைக்காததுபோல, மில்டன் கீன்ஸ் நிலையம். "ஏன் மாமா இரண்டு தரம் ஏசுறீங்கள்?" என்று மருமகன் கேட்டான்.

ஆட்டச் சீட்டு புதிய திகதிக்குச் செல்லும். தொடருந்துச் சீட்டு செல்லாது. இதுதான் பொறி. முற்பதிவுச் சீட்டுக்குப் பணம் திரும்பக் கிடையாது. வண்டி புறப்படும் முன் மாற்றினால் கட்டணமும் விலை வித்தியாசமும் கட்டி வேறு நாளுக்குப் பயன்படுத்தலாம், புறப்பட்ட பின் அது வெறும் கடதாசி. புதிய திகதியோ செவ்வாய்க்கிழமை இரவு 7.45. அன்று எனக்கு வேலை, வேலை இல்லாவிட்டாலும் ஆட்டம் முடிந்து இலண்டன் திரும்ப வண்டி இல்லை.

ஆகவே குளிர்கால வெளியூர் ஆட்டங்களுக்கு, சற்று விலை கூடினாலும், பயன்படுத்தாவிட்டால், உரிய கெடுவுக்குள் கேட்டு, சிறு கட்டணம் கழித்துப் பணத்தைத் திரும்பப் பெறக்கூடிய நெரிசலற்ற நேரச் சீட்டையே வாங்குங்கள். பரிசோதனை அறிவிப்பைக் கண்டால், முடிவு வரும்வரை வண்டியில் ஏறாதீர்கள். புதிய திகதிக்குப் போக முடியாதென்றால், கழகம் சொல்லும் கெடுவுக்குள் ஆட்டச் சீட்டின் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். நான் வெட்கப்பட்டுக் கேட்காமல் விட்டேன்.

2025 மே மாதத்தில், நான்காம் பிரிவில் ஐந்தாம் இடத்தில் முடித்த விம்பிள்டன், மேலே ஏறுவதற்கான தகுதிச் சுற்றில் நொட்ஸ் கவுண்டியை வென்று, வெம்பிளியில் வோல்சோலை 1-0 என்று தோற்கடித்து மூன்றாம் பிரிவான லீக் வன்னுக்கு ஏறியது. அந்த ஆட்டத்துக்கு நாங்கள் இருவரும் நிலக்கீழ்த் தொடருந்திலேயே போய்வந்தோம்; புட்டுப் பொதியை மருமகன்தான் தூக்கி வந்தான்.