ஐஸும் கரையுது, சர்க்கரையும் கரையுது: அறிவியல் பாடத்தோடு மொழியையும் வளர்க்க ஒரு செய்முறை

ஆறாம் வகுப்பு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். "பனிக்கட்டி கரைந்து நீராகிறது" என்று ஒரு மாணவி எழுதியிருந்தாள். 'கரைந்து' என்ற சொல்லைச் சுழித்து, 'உருகி' என்று மேலே எழுதி, அரை மதிப்பெண் குறைத்தேன். பல வருடமாக இதைத்தான் செய்துவந்தேன். தாளை வாங்கிக்கொண்ட அந்தப் பெண் என் மேசைக்கே வந்து கேட்டாள்: "டீச்சர், ஐஸ் கரைஞ்சா தண்ணியாவுது. சக்கரை கரைஞ்சா காணாமப் போவுது. ரெண்டும் வேற வேறன்னு எனக்குத் தெரியும் டீச்சர். எதுக்கு தப்பு போட்டீங்க?"

அவள் சொன்னது சரி. இரண்டு நிகழ்வுக்கும் உள்ள வேறுபாட்டை என் பாடக்குறிப்பைவிடத் தெளிவாக அவள் சொல்லிவிட்டாள். அவளிடம் இல்லாதது இன்னொரு சொல் மட்டும்தான். வீட்டில் பேசும்போது நமக்கு எல்லாமே கரைகிறது. ஐஸ் கரைகிறது, உப்பு கரைகிறது, பீரோவில் போட்ட அந்துருண்டை கரைகிறது, கையிலிருக்கும் பணமும் கரைகிறது. அறிவியல் இவற்றை உருகுதல், கரைதல், பதங்கமாதல் (திரவமாகாமல் நேரே ஆவியாவது) என்று பிரித்து வைத்திருக்கிறது. அந்தப் பிரிவைச் சொல்லிக்கொடுப்பது தமிழாசிரியர் வேலையா, என் வேலையா என்று யோசித்தேன். என் வேலைதான். அதற்கு நான் கண்ட வழியைக் கீழே எழுதியிருக்கிறேன். இந்த ஒரு பாடத்தை வைத்துப் பழகிவிட்டால் வெப்பம்–வெப்பநிலை, நிறை–எடை, வேகம்–திசைவேகம் என்று மற்றவற்றுக்கும் இதே வழி பொருந்தும்.

தேவையானவை: எவர்சில்வர் டம்ளர்கள், குடிநீர், சர்க்கரை, ஐஸ் கட்டி, ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு, பழைய தினசரி காலண்டர் தாள்கள். இரண்டு பாடவேளை ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

படி 1: விடையை முதலில் நீங்கள் எழுதுங்கள்

வகுப்புக்கு முந்தின நாளே, பாடம் முடிந்ததும் குழந்தை எழுத வேண்டிய விடையை நான்கைந்து வாக்கியத்தில் முழுதாக எழுதிப் பாருங்கள். எழுதிய பிறகு கலைச்சொற்களின் கீழ் ஒரு கோடு போடுங்கள். வாக்கியங்களை இணைக்கும் சொற்களின் கீழ் இரண்டு கோடு போடுங்கள். ஏனெனில், ஆகவே, ஆனால், அப்போது, -ஆல் போன்றவற்றைத்தான் சொல்கிறேன். இரண்டு கோடு போட்டவற்றை நாம் வகுப்பில் ஒருநாளும் கற்றுக்கொடுப்பதில்லை. நாலாம் படியில் இதற்கு மறுபடி வருகிறேன்.

படி 2: செய்யவிடுங்கள், பேசவிடுங்கள், திருத்தாதீர்கள்

நான்கு பேர் கொண்ட குழுவுக்கு ஒரு டம்ளர் நீர், கொஞ்சம் சர்க்கரை, ஒரு தட்டில் ஐஸ் கட்டி. என்ன நடக்கிறதென்று பார்த்து, தங்களுக்குள் பேசிக்கொள்ளட்டும். நீங்கள் ஒவ்வொரு குழுவாகப் போய்க் காதில் விழுவதைக் கரும்பலகையின் இடப்பக்கம் அப்படியே எழுதுங்கள். "கரைஞ்சிடுச்சு", "காணாமப் போச்சு", "ஒழுவுது", "இளகுது" என்று வாயிலிருந்து வந்தபடியே எழுதுங்கள். பேச்சுத் தமிழைப் பலகையில் எழுதக் கை தயங்கும். எனக்கும் தயங்கியது. ஆனால் தன் சொல் பலகையில் ஏறியதைப் பார்த்த பிள்ளை அடுத்த சொல்லைத் தானாகவே சொல்கிறது. அதுவரை வாயே திறக்காதவர்கள்தான் முதலில் பேசினார்கள்.

"காணாமப் போச்சு" என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். அதை விட்டுவிடாதீர்கள். டம்ளரைத் தராசில் வைத்து எண்ணைச் சுழியமாக்குங்கள். 100 கிராம் நீர் ஊற்றி, 10 கிராம் சர்க்கரை போட்டுக் கலக்குங்கள். சர்க்கரை கண்ணுக்குத் தெரியாது, தராசு 110 காட்டும். கலக்கிய கரண்டியை டம்ளருக்குள்ளேயே விடக்கூடாது, அதன் எடையும் சேர்ந்துவிடும். "காணாமப் போகல டீச்சர், உள்ளதான் இருக்கு" என்று அவர்களே தங்கள் வாக்கியத்தைத் திருத்திக்கொள்வார்கள். பழைய வாக்கியத்தை அழிக்காமல், பக்கத்திலேயே புதியதை எழுதுங்கள்.

படி 3: கேள்வியால் பிரித்து, பிறகு பெயர் கொடுங்கள்

மூன்று கேள்வி போதும். எத்தனை பொருள் இருந்தது? தண்ணீர் இல்லாமல் இது நடக்குமா? இதற்கு வெப்பம் கட்டாயம் வேண்டுமா? ஐஸ் ஒரே பொருள். சுற்றியுள்ள வெப்பத்தைப் பெற்றுத் தானே நீராகிறது. சர்க்கரைக்கு இன்னொரு பொருள் துணை வேண்டும். குளிர்ந்த நீரிலும் கரையும். இந்த வேறுபாடு அவர்கள் வாயிலிருந்து வந்தபிறகு, "இதற்கு ஒரு பெயர், அதற்கு ஒரு பெயர் இருந்தால் நல்லது, இல்லையா?" என்று கேளுங்கள். அப்போது பலகையின் வலப்பக்கம் உருகுதல், கரைதல் இரண்டையும் எழுதுங்கள். பெயர் தேவைப்படும் நேரத்தில் வந்த பெயர் மறக்காது.

கலைச்சொல்லைக் கொடுத்தவுடன் அதைப் பிரித்துக் காட்டுங்கள். கரைபொருள், கரைப்பான் இரண்டையும் பிள்ளைகள் மாற்றி மாற்றி எழுதுவார்கள். மனப்பாடம் செய்யச் சொல்லிப் பயனில்லை. விடை சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. கரைபொருள் என்றால் கரையும் பொருள், வினைத்தொகை. கரைப்பான் என்றால் கரைப்பவன், அதாவது கரைக்கும் வேலையைச் செய்வது. ஒன்று தானே கரைகிறது, மற்றொன்று கரைக்கிறது. தமிழ் வகுப்பில் படிக்கும் தன்வினை, பிறவினை இதுதான். உருகுநிலையும் கொதிநிலையும் இதேபோல் பிரியும். எங்கள் பள்ளித் தமிழ் ஐயாவிடம் இதைச் சொன்னேன். அந்த வாரம் அவர் வினைத்தொகை நடத்தும்போது 'ஊறுகாய்'க்குப் பக்கத்தில் 'கரைபொருள்' என்றும் எழுதினார்.

படி 4: வாக்கியம் (நான் தடுக்கி விழுந்த இடம்)

இதற்கு மட்டும் முழுதாக ஒரு பாடவேளை ஒதுக்குங்கள்.

முதல் வருடம் மூன்று படியோடு நிறுத்திவிட்டேன். சொற்கள் எல்லாருக்கும் வந்துவிட்டன. "கரைபொருள் கரைப்பானில் கரைந்து உருவாகும் ஒருபடித்தான கலவை கரைசல் எனப்படும்" என்று வகுப்பே ஒப்பித்தது. தேர்வில், "சூடான நீரில் சர்க்கரை விரைவாகக் கரைவது ஏன்?" என்று கேட்டேன். பாதிப் பேர் அதே வரையறையை எழுதி வைத்திருந்தார்கள். அவர்களுக்குக் காரணம் தெரியாமல் இல்லை. கூப்பிட்டு வாய்மொழியாகக் கேட்டபோது சொன்னார்கள். காரணத்தை எழுதும் வாக்கியம்தான் தெரியவில்லை. 'எனப்படும்' என்று முடியும் ஒரே ஒரு வாக்கிய அச்சை மட்டும் நான் கொடுத்திருந்தேன்; எல்லாவற்றையும் அதற்குள் ஊற்றினார்கள்.

இப்போது காலண்டர் தாளின் பின்பக்கம் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுகிறேன். ஒரு தாளுக்கு ஒரு சோடி:

ஏன்னா → ஏனெனில்
அதனால → ஆகவே
சூடு பண்ணா → வெப்பப்படுத்தினால்
சூட்டுல → வெப்பத்தால்
-ன்னு சொல்வாங்க → எனப்படும்

பிறகு ஒரு பிள்ளையின் வாக்கியத்தை எடுத்துக்கொண்டு, எல்லாரும் சேர்ந்து பலகையில் படிப்படியாக மாற்றுவோம். ஒருநாள் நடந்ததை அப்படியே தருகிறேன்.

பையன் சொன்னது: "சுடுதண்ணில சீக்கிரம் கரையுது டீச்சர், ஏன்னா சூட்டுல தண்ணி வேகமா ஆடுது."

முதலில் "எது கரையுது?" என்று கேட்டேன். பேச்சில் எழுவாய் இல்லாமலே புரிந்துவிடும், ஏனென்றால் டம்ளர் கண் முன்னால் இருக்கிறது. விடைத்தாளில் டம்ளர் இல்லை. "சுடுதண்ணில சக்கரை சீக்கிரம் கரையுது" என்றான்.

அடுத்து, "தண்ணி ஆடுதா, தண்ணியில எது ஆடுது?" என்றேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பின் வரிசையிலிருந்து "துகள்" என்று ஒரு குரல் வந்தது.

கடைசியில் சுவரில் உள்ள தாள்களைப் பார்த்து ஆளுக்கொரு சொல்லாக மாற்றினார்கள். "சூடான நீரில் சர்க்கரை விரைவாகக் கரைகிறது. ஏனெனில், வெப்பத்தால் நீரின் துகள்கள் வேகமாக இயங்குகின்றன."

இந்த மூன்று கட்டத்தையும் அழிக்காமல், ஒன்றன்கீழ் ஒன்றாக விட்டுவைப்பது முக்கியம். தன் பேச்சிலிருந்து எழுத்துத் தமிழுக்குப் போகும் பாதை அவனுக்குக் கண்ணால் தெரிய வேண்டும். முடிந்த வாக்கியத்தை மட்டும் பார்த்தால், அது வேறு யாரோ எழுதியதாகத்தான் தெரியும்.

படி 5: பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி, பிறகு எழுதுதல்

வாயால் சொல்லாத வாக்கியத்தை எழுதச் சொல்லாதீர்கள். முதலில் பக்கத்தில் இருப்பவரிடம் முழு வாக்கியமாகச் சொல்லட்டும், பிறகு நோட்டில் எழுதட்டும். திருத்தும்போது இரண்டே விஷயம் பார்க்கிறேன்: அறிவியல் சரியா, இணைப்புச் சொல் சரியா. ஒற்றுப்பிழையை அன்றைக்குத் தொடுவதில்லை. ஒரே ஒரு விதிவிலக்கு: 'கரைப்பொருள்' என்று ப் போட்டு எழுதினால் திருத்துவேன், ப் வந்தால் வினைத்தொகை போய்விடும்.

கருவிகள் பற்றி

கடையில் விற்கும் அச்சிட்ட சார்ட் வேண்டாம். அதில் பிள்ளைகளின் சொல் ஒன்றுகூட இருக்காது. கலைச்சொல் பட்டியலை வீட்டுப்பாடமாகப் பத்து முறை எழுதச் சொல்வதும் வேண்டாம். செல்போனில் குழுப்பேச்சைப் பதிவுசெய்து வீட்டில் கேட்பது எனக்கு மிகவும் உதவியது. வகுப்பில் காதில் விழாத நல்ல வாக்கியங்கள் அதில் கிடைக்கும். கேட்டு முடித்ததும் அழித்துவிடுங்கள், குழந்தைகளின் குரல் வாட்ஸ்அப் குழுவுக்குப் போகக்கூடாது.

பின்சேர்க்கை 1

ஓசூர்ப் பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியர் கேட்டிருந்தார்: "என் வகுப்பில் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசும் பிள்ளைகள் இருக்கிறார்கள். 'வீட்டுச் சொல்' என்றால் எதை எழுதுவது?" அவர்கள் சொல்லையும் பலகையில் எழுதுங்கள். தெலுங்கில் 'கரிகிந்தி', கன்னடத்தில் 'கரகிது'. இரண்டுமே ஐஸுக்கும் சர்க்கரைக்கும் சேர்த்துப் பொருந்தும், நம் 'கரைஞ்சிடுச்சு' மாதிரியே. ஆக மூன்று வீட்டுப் பிள்ளைகளுக்கும் சிக்கல் ஒன்றுதான்.

திருப்பூரிலிருந்து வந்த கடிதம் இதற்கு நேர்மாறு. அங்கே பின்னலாடை வேலைக்கு வந்த பீகார்க் குடும்பத்துச் சிறுவன் ஒருவன், தமிழ் சரியாக வராததால் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பானாம். இந்தியில் உருகுவது 'பிகல்னா', கரைவது 'குல்னா'. இரண்டுக்கும் தனித்தனிச் சொல். மூன்றாம் படியில் மற்றவர்கள் தடுமாறியபோது அவன் எழுந்து, ஐஸைத் தொட்டு ஒன்றையும் டம்ளரைத் தொட்டு மற்றொன்றையும் சொன்னானாம். அந்த ஆசிரியர் அவ்விரு சொல்லையும் தமிழ் எழுத்திலேயே பலகையில் எழுதி, அவற்றின் கீழ்தான் 'உருகுதல், கரைதல்' எழுதினாராம். நான் எழுதிய முறையைவிட இது நல்ல முறை.

பின்சேர்க்கை 2

ஆங்கில வழிப் பிரிவுக்கு என்ன செய்வது என்று பலர் கேட்டிருந்தீர்கள். அரசுப் பள்ளிகளில் 2012-13 முதல் ஆங்கில வழிப் பிரிவுகள் பெருகின. அங்கே படிப்பவர்களும் வீட்டில் 'கரைஞ்சிடுச்சு' என்றுதான் சொல்கிறார்கள். இரண்டாம், மூன்றாம் படியைத் தமிழிலேயே நடத்துங்கள். மெல்ட், டிசால்வ் என்ற பெயர்களை மூன்றாம் படியின் முடிவில் கொடுங்கள். நாலாம் படியில் 'ஏன்னா' தாளின் மறுபக்கம் 'பிகாஸ்' வரட்டும். கருத்தையும் புதுமொழியையும் ஒரே நேரத்தில் சுமக்க வைத்தால், இரண்டுமே கீழே விழும்.

இலங்கையிலிருந்து படிப்பவர்களுக்கு: உங்கள் பாடநூலில் கரைபொருளுக்குக் 'கரையம்' என்று இருக்கும். கரைப்பான் அதே கரைப்பான்தான், மேலே சொன்ன பிரிப்பு உங்களுக்கும் உதவும்.

பின்சேர்க்கை 3

மதிப்பெண் குறைத்தேனே, அந்தப் பெண் இப்போது ஏழாம் வகுப்பு. போன வாரம் நோட்டோடு வந்தாள். நான் கேட்காமலே எழுதியிருந்தாள்: "பூஜை அறையில் திறந்து வைத்த கற்பூரம் சிறியதாகிவிட்டது. அது உருகவில்லை, ஏனெனில் தட்டில் நீர் போல எதுவும் இல்லை. அது கரையவும் இல்லை, ஏனெனில் பக்கத்தில் வேறு திரவம் இல்லை. ஆகவே இதற்கு மூன்றாவதாக ஒரு பெயர் வேண்டும்."