நாயுடன் ஜெர்மனி போக: காகித வேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விசா வந்து, டிக்கெட் போட்டு, வீட்டுச் சாமான்களையும் கட்டிய பிறகுதான் பலர் நாயின் ஊசிப் புத்தகத்தைப் புரட்டுகிறார்கள். அப்போது கண்ணில் படும் தவறு பெரும்பாலும் நான்கு மாதங்களுக்கு முன்பே நடந்து முடிந்திருக்கும். பாஸ்போர்ட் தொலைவது, கூண்டு சிறியதாகிப் போவது போன்றவற்றை எவரும் சமாளித்துவிடலாம். இங்கே சொல்வது சமாளிக்க முடியாதவற்றை.

சிப்புக்கு முன் போட்ட ரேபிஸ் ஊசி

முதலில் நாயின் தோலுக்கடியில் வைக்கும், எண் கொண்ட மைக்ரோசிப், அதன் பிறகு ரேபிஸ் தடுப்பூசி. இரண்டும் ஒரே நாளில் நடக்கலாம், சிப் முந்திக்கொண்டால் போதும். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதியில் இதற்கு விலக்கு கிடையாது. ஊசி போட்டுக்கொண்டது இந்த நாய்தான் என்பதற்கு அவர்கள் ஏற்கும் அடையாளம் சிப் எண் ஒன்றே. எண் இல்லாத நாளில் போட்ட ஊசி, அவர்கள் கணக்கில் எந்த நாய்க்கோ போட்ட ஊசி.

நம் ஊரில் குட்டியிலிருந்தே வருடம் தவறாமல் ஊசி போடுவார்கள். சிப்பைப் பற்றி யோசிப்பதோ வெளிநாடு போக முடிவான பிறகு. ‘போன மாதம்தானே ஏ.ஆர்.வி. (ரேபிஸ் தடுப்பூசி) போட்டோம், சிப் மட்டும் வைத்தால் போதும்’ என்று கிளினிக்கிலேயே சொல்லி அனுப்புவதும் நடக்கிறது. கேட்கவே ஆற்றாமையாக இருக்கிறது. நாய்க்கு உடம்பில் எதிர்ப்புச் சக்தி இருக்கும், அதை அளக்க ஐரோப்பிய ஒன்றியம் கேட்கும் ரத்தப் பரிசோதனையின் முடிவும் நன்றாகவே வரும். ஆனாலும் அந்த முடிவு செல்லாது, ஏனென்றால் அது நிற்பது செல்லாத ஊசியின் மேல்.

தேதி போட்டுப் பாருங்கள். ஜனவரி 5 அன்று சிப், அதே நாளில் அதன் பிறகு ஊசி. குறைந்தது 30 நாள் கழிய வேண்டும், எனவே பிப்ரவரி 5 அன்று ரத்தம். ரேபிஸ் கட்டுக்குள் இருப்பதாக ஐரோப்பிய ஒன்றியம் ஏற்கும் நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை என்பதால் ரத்தம் எடுத்த நாளிலிருந்து 3 மாதம் காத்திருக்க வேண்டும். மே 5-க்கு முன், நாய் உள்ளே நுழையத் தேவையான சுகாதாரச் சான்றிதழில் கையெழுத்து விழாது. இதுவே ஊசியை டிசம்பர் 20-லும் சிப்பை ஜனவரி 5-லும் செய்து, சான்றிதழ் கேட்டுப் போகும் மே மாதத்தில் தவறு தெரியவந்தால், அன்றைக்கு மறுபடி ஊசி, பிறகு 30 நாள், பிறகு 3 மாதம். குடும்பம் பறந்துவிடும், நாய் செப்டம்பர் வரை போர்டிங்கில் கிடக்கும். ஆள் எங்கே போனார்கள் என்று அதற்கு யார் சொல்வது?

சந்தேகம் இருந்தால் வாதாடாதீர்கள். சிப்பைப் படித்துப் பார்த்து, ரேபிஸ் ஊசியை இன்றே மறுபடி போட்டுவிடுங்கள்.

ரத்தம் எடுப்பதில் அவசரம்

ஊசி போட்ட இருபத்தெட்டாம் நாள் எடுத்த ரத்தம் வீண். சீரத்தை, அதாவது ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதியை, உடனே பிரித்துக் குளிரிலேயே வைத்து, ஐரோப்பிய ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். குழாயிலும் படிவத்திலும் சிப் எண் இருக்கட்டும். எதிர்ப்புச் சக்தியின் அளவு மில்லிலிட்டருக்கு 0.5 ஐ.யு. (சர்வதேச அலகு) அல்லது அதற்கு மேல் வர வேண்டும். ஒரே ஒரு ஊசி போட்ட குட்டிகள் சில சமயம் இதை எட்டுவதில்லை, அவற்றுக்கு இரண்டாவது டோஸ் பற்றி மருத்துவரிடம் முன்கூட்டியே பேசுங்கள்.

பூஸ்டரை ஒரு நாள் தவறவிடுவது

அடுத்தடுத்த ரேபிஸ் ஊசிகளைக் காலாவதிக்குள் போட்டுவந்தால் ஒரு முறை தேறிய ரத்தப் பரிசோதனை ஆயுள் முழுக்கச் செல்லும். ஒரு நாள் பிந்தினாலும் அது புதிய முதல் ஊசியாகிவிடும், பரிசோதனையும் முதலிலிருந்துதான்.

ஊசிப் புத்தகத்தில் ‘ஏ.ஆர்.வி.’ என்று மட்டும் எழுதுவது

மருந்தின் பெயர், தயாரிப்பாளர், பேட்ச் எண், போட்ட தேதி, செல்லும் கடைசித் தேதி எல்லாம் வேண்டும். பாட்டிலின் ஸ்டிக்கரை ஒட்டச் சொல்லுங்கள்.

சிப் எண்ணைப் பார்த்து எழுதுவது

ஐ.எஸ்.ஓ. 11784, 11785 தரத்தில் உள்ள சிப்பின் எண்ணுக்கு 15 இலக்கங்கள். பழைய காகிதத்தைப் பார்த்துப் புதிய காகிதத்தில் எழுதும்போதுதான் ஓர் இலக்கம் மாறுகிறது. ஊசிக்கு முன், ரத்தத்துக்கு முன், சான்றிதழுக்கு முன் என ஒவ்வொரு முறையும் ஸ்கேனரால் படித்து எழுதச் சொல்லுங்கள்.

மயக்க மருந்து

பயணத்துக்காக நாய்க்குக் கொடுக்காதீர்கள்.

கிளினிக் சான்றிதழை மட்டும் நம்புவது

உங்கள் மருத்துவர் தரும் ‘பறக்கத் தகுதி’ கடிதத்தைக் காட்டி ஜெர்மனிக்குள் போக முடியாது. ஐரோப்பிய ஒன்றியப் படிவத்தில் அரசு கால்நடை அதிகாரியின் கையெழுத்து வேண்டும். சென்னையில் அதற்குப் பள்ளிக்கரணையில் உள்ள மத்திய அரசின் விலங்குத் தனிமைப்படுத்தல் நிலையத்தை அணுக வேண்டும். கையெழுத்தான நாளிலிருந்து 10 நாளுக்குள் நாய் ஐரோப்பாவில் இறங்கியாக வேண்டும், அதனால் சீக்கிரம் வாங்கி வைப்பதும் தவறுதான்.

நாயைப் பிறகு அனுப்பிக்கொள்ளலாம் என்பது

உங்கள் பயணத்துக்கு முன்போ பின்போ 5 நாளுக்குள் நாய் பயணம் செய்தால்தான் அது செல்லப்பிராணிப் பயணம். அதைத் தாண்டினால் வணிக இறக்குமதி விதிகள் பாயும், சான்றிதழ் படிவமே வேறு. நண்பர் கூட்டிவந்தாலும் இந்த 5 நாள் கணக்கு உண்டு, நீங்கள் அவருக்கு எழுத்தில் அனுமதி தரவும் வேண்டும்.

இனத்தைக் கேட்காமல் கிளம்புவது

பிட்புல் டெரியர், அமெரிக்கன் ஸ்டாஃபர்ட்ஷயர் டெரியர், ஸ்டாஃபர்ட்ஷயர் புல் டெரியர், புல் டெரியர், இவற்றின் கலப்பினங்கள் ஆகியவற்றை ஜெர்மனிக்குள் குடியேறக் கொண்டுவரத் தடை இருக்கிறது. இதைச் சிப் வைக்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.