குளிர்காலப் பறவை நோக்கல்: ஏரிக்கரையிலும் வீட்டுத் தோட்டத்திலும் தொடங்கும் முறை

தொடங்குபவர்களுக்கு 8x42 பைனாகுலரே (8 மடங்கு பெரிதாக்கும், 42 மி.மீ. விட்டமுள்ள முன்வில்லை கொண்டது) போதும் என்பது என் உறுதியான கருத்து. 10 மடங்கு பெரிதாக்கும் கருவியில் கைநடுக்கமும் சேர்ந்தே பெரிதாகும்.

வாங்கியவுடன் பலரும் தாண்டிச் செல்லும் படி, ஒரு கண்ணுக்கு மட்டும் தெளிவைத் திருத்தும் டயாப்டர் வளையத்தைச் சரிசெய்வது. இரு கண்களின் பார்வையும் பெரும்பாலும் ஒன்றுபோல் இருப்பதில்லை என்பதால், இதைச் செய்யாதவரை, இரு பக்கத்தையும் சேர்த்துத் தெளிவாக்கும் நடுச்சக்கரத்தை எவ்வளவு திருப்பினாலும் ஒரு பக்கம் மங்கலாகவே தெரியும். தொலைவில் அசையாத ஒரு கிளையைத் தேர்ந்து, வலப்பக்க முன்வில்லையை உள்ளங்கையால் மறைத்து, நடுச்சக்கரத்தால் இடக்கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடப்பக்கத்தை மறைத்து, நடுச்சக்கரத்தைத் தொடாமல், வலக்கண் பக்கமுள்ள வளையத்தை மட்டும் திருப்புங்கள். வளையம் இடப்பக்கம் அமைந்த கருவிகளும் உண்டு. அவற்றில் வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும். மூக்குக்கண்ணாடி அணிவோர் சிலர் கேட்டதால் சேர்க்கிறேன்: கண்ணாடியைக் கழற்றாமல், கண்வில்லையைச் சுற்றியுள்ள ரப்பர் விளிம்பை உள்ளே இறக்கினால் முழு வட்டமும் தெரியும்.

ஏரியில், சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும் கரையில் நில்லுங்கள். வலசை வந்த ஆண் வாத்துகள் பல, பருவத் தொடக்கத்தில் பெண் வாத்தைப் போன்ற மங்கிய இறகுகளுடன் இருக்கும் என்பதால், நிறத்தைவிட இரைதேடும் விதத்தைக் கவனிப்பதே நல்லது. ஊசிவால் வாத்து தலையை நீருக்குள் விட்டு வாலை மேலே நிமிர்த்தி மேயும். முக்குளிப்பான் முழுதாக மூழ்கிச் சற்றுத் தள்ளி எழும். தட்டைவாயன் அகன்ற அலகால் நீர்ப்பரப்பை அரித்துக்கொண்டே நீந்தும். வாத்துக் கூட்டத்துக்கு நடுவே கரிய உடலும் வெள்ளை அலகும் தெரிந்தால் அது நாமக்கோழி; அது வாத்தே அன்று, நீர்மேல் ஓடித்தான் மேலெழும். பெருங்கூட்டத்தில் முதலில் 10 பறவைகளை எண்ணி, அவை அடைக்கும் இடத்தை அளவாகக் கொண்டு மற்றவற்றை மதிப்பிடலாம்.

வீட்டுத் தோட்டத்தில் தீவனத்தைவிடத் தண்ணீரையே நான் பரிந்துரைப்பேன். 5 செ.மீ. ஆழத்துக்கு மேற்படாத, அடி சொரசொரப்பான தட்டு போதும். வழவழப்பான பாத்திரமானால் நடுவே ஒரு கல்லை வையுங்கள். பூனை பதுங்கும் புதரை விட்டுச் சற்றுத் தள்ளி வைத்து, இரண்டு நாளுக்கு ஒருமுறையாவது தேய்த்துக் கழுவித் தண்ணீரை மாற்ற வேண்டும்.

குரலை அறிய மெர்லின் செயலி உதவும். ஆனால் அது சொல்லும் பெயரைப் பறவையைக் கண்ணால் பார்க்காமல் பட்டியலில் ஏற்றாதீர்கள். பதிவுக்கு, 2002 முதல் இயங்கும் இ-பேர்ட் தளத்தில் தொடங்கிய நேரம், கால அளவு, நடந்த தொலைவு ஆகியவற்றுடன் காகம் உட்பட அடையாளம் கண்ட அனைத்தையும் சேருங்கள். அப்போதுதான் அது முழுமையான பட்டியலாகி, அன்று தென்படாத பறவைகளைப் பற்றியும் ஆய்வாளர்களுக்குத் தகவல் தரும்.